கண்டக்டர் வீட்டு மார்ஃபின் கணக்கு

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் அம்மாவுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "கொடுக்கலாமாடா, பயமா இருக்கு" என்றான். ஒரு மணி நேரம் பேசினேன். வைத்த பிறகு பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன்.

80 பக்கக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் கட்டங்கள்: நேரம், என்ன மாத்திரை, எத்தனை, வலி பத்துக்கு எவ்வளவு. அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டர். ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் நம்பரைக் குறித்துப் பழகிய கை, மாத்திரையை மட்டும் சும்மா விடுமா?

அவருக்கு வாய்ப்புற்று. ஆபரேஷன் செய்து, கரண்ட் வைத்து, இரண்டு வருஷம் அடங்கியிருந்தது தாடையில் திரும்பி வந்தது. இனி நோயைத் துரத்த முடியாது, வலியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பத்து மாதம் எங்கள் வீடு வலி மாத்திரைகளின் நேரத்துக்குத்தான் ஓடியது. நான் டாக்டர் இல்லை. கீழே வருகிற மில்லிகிராம் எல்லாம் எங்கள் அப்பாவின் உடம்புக்கு அவருடைய டாக்டர் போட்ட கணக்கு. யாரும் அதை எடுத்துத் தங்கள் வீட்டில் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் வந்தது மார்ஃபின் இல்லை, டிராமடால். அதுவும் தனியாக இல்லை. டிராமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம், இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஒரு நாளைக்கு 4. அது போதாமல் இடையிடையே அப்பா பாராசிட்டமால் 650 போட்டுக்கொண்டார். காய்ச்சல் மாத்திரைதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். மதுரையில் வலி சிகிச்சைப் பிரிவில் இருந்த சிஸ்டர்தான் நோட்டைப் பார்த்து விரலால் கூட்டினார். கூட்டு மாத்திரை நாலில் 1300, தனி மாத்திரை நாலில் 2600, ஆக 3900. நல்ல திடகாத்திரமான ஆளுக்கே நாளைக்கு 4000 மில்லிகிராம்தான் உச்சம். அப்பா அப்போது 43 கிலோ, சாப்பாடு பாதிகூட இறங்குவதில்லை. ஈரல் தாங்காது என்றார். டிராமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகளுக்கு ஓபியாய்டு என்று பேர். அந்த ஓபியாய்டு மாத்திரைக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்று அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

டிராமடாலை இன்னும் கூட்டிக்கொடுத்தால் என்ன என்று கேட்டேன். பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைதான், அதற்கு மேல் போனால் வலிப்பு வரும் அபாயம் கூடும் என்றார் டாக்டர். மார்ஃபினுக்கு மாற்றினார்.

வீட்டில் பிரளயம். "எங்கண்ணனுக்கு அபினா குடுக்குறீக?" என்று அத்தை வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அபின் செடியின் காயிலிருந்து வடிகிற பாலிலிருந்துதான் மார்ஃபின் எடுக்கிறார்கள் என்பது உண்மை. குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அதே செடியின் விதைதான் என்று நான் சொன்னதும் அத்தைக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடுத்து, நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகன் போனில் வந்தார். "இங்க இதாலதான்டா ஊர் ஊராச் சாகுறாங்க. வேண்டவே வேண்டாம்."

அண்ணன் சொன்னதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னதற்கு இன்றும் நன்றி. அமெரிக்காவில் 1996-இல் ஆக்ஸிகான்டின் என்று ஒரு மாத்திரை வந்தது. உள்ளே இருப்பது ஆக்ஸிகோடோன், மார்ஃபினுக்குப் பங்காளி. 12 மணி நேரத்துக்கு மெல்ல மெல்லக் கரையும்படி செய்தது. மெல்லக் கரைவதால் போதைப் பழக்கம் வருவது அபூர்வம் என்று சொல்லி, முதுகுவலி மூட்டுவலிக்கெல்லாம் எழுத வைத்தார்கள். ஆனால் அந்த மாத்திரையை நுணுக்கினால் 12 மணி நேரத்துச் சரக்கும் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும். பலர் அதைத்தான் செய்தார்கள். 2007-இல் நிறுவனம் போதை அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாகக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2010-இல் எளிதில் நுணுக்க முடியாத மாத்திரையாக மாற்றினார்கள். "உங்க அண்ணன் சொல்றது அவங்க ஊருக்குச் சரி. நம்ம ஊர்ல பிரச்சினை தலைகீழ்" என்றார்.

தலைகீழ்தான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க லைசென்ஸோடு அபின் பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கப் பல லைசென்ஸ்கள் வேண்டியிருந்தன. பெரும்பாலானவர்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் அலைந்த பிறகு 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த இடங்களில் ஒரே அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம் என்றானது. எங்கள் வத்தலக்குண்டு மெடிக்கலில் நான் சீட்டை நீட்டியபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மதுரைக்குப் போகச் சொன்னார். ஒன்றரை மணி நேர பஸ், நிலக்கோட்டை வழியாக. அப்பா டிக்கெட் கிழித்த ரூட்.

முதலில் கொடுத்தது சாதா மார்ஃபின் மாத்திரை, 10 மில்லிகிராம். அரை மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்து நாலு மணி நேரம் தாங்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. கடைசி வேளைக்கு மட்டும் இரண்டு மாத்திரை. ராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. அப்பா அதற்கு 'நைட் ஹால்ட்' என்று பேர் வைத்தார். வலி வந்தால் போடுவது இல்லை இது, வருவதற்கு முன்னால் கடிகாரம் பார்த்துப் போடுவது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் ஆனது. அதுவரை "இப்ப வலி இல்லையே, அப்புறம் போடலாம்" என்று தள்ளிப்போட்டு, வலி உச்சத்துக்குப் போன பிறகு துரத்திக்கொண்டிருந்தோம்.

பத்து நாள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். நாள் முழுவதும் சேர்த்தால் 60 மில்லிகிராம். அதை 30, 30 ஆகப் பிரித்து, 12 மணி நேர மாத்திரை காலை 8-க்கு ஒன்று, இரவு 8-க்கு ஒன்று. நடுவில் வலி மீறி வந்தால் பழைய 10 மில்லிகிராம் சாதா மாத்திரை ஒன்று. மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. அப்படி எத்தனை முறை போட வேண்டியிருந்தது என்று குறிக்கச் சொன்னார்கள். அடிக்கடி வேண்டியிருந்தால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம், அதை டாக்டர்தான் கூட்டுவார்.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. பேச்சு குழறும், இருந்தாலும் விளக்குவார். சாதா மாத்திரை பாயிண்ட் டு பாயிண்ட். ஏற்றின ஆளை எல்லாம் ஒரே இடத்தில் இறக்கிவிடும். பெரிய மாத்திரை டவுன் பஸ், ஸ்டாப்புக்கு ஸ்டாப் இரண்டு பேர் மூன்று பேராக இறக்கிக்கொண்டே 12 மணி நேரம் ஓடும். இரண்டு அட்டையிலும் மார்ஃபின் என்றுதான் போட்டிருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். எந்த மாத்திரை எது என்று சொல்கிற எழுத்துகள் பெயருக்குப் பக்கத்தில் பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பெரிய மாத்திரை அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்தார். அடையாளம் தெரிந்தது. ஆனால் இரண்டையும் வேறு வேறாகக் கையாள வேண்டும் என்பது தெரியவில்லை. நானும் சொல்லித் தரவில்லை.

அந்த மாசம் அப்பாவுக்கு விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. மாத்திரை அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் சென்னைக்கு வேலையாகப் போயிருந்த ஒரு நாள் ராத்திரி 8 மணிக்கு, அம்மா சிவப்புப் பொட்டு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, கஞ்சியில் கலந்து ஊட்டியிருக்கிறார். குழந்தைக்கு மாத்திரை கொடுப்பது போலத்தான். ஒன்பதரைக்கு அப்பா புரண்டு புரண்டு படுத்ததால், எப்போதோ வாங்கி வைத்திருந்த தூக்க மாத்திரை ஒன்றும் கொடுத்திருக்கிறார்.

நான் 11 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். "இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குறாக" என்றார் அம்மா. குறட்டை ஒரு மாதிரி இருந்தது. இழுத்து, நின்று, ரொம்ப நேரம் கழித்து அடுத்தது. தோளைத் தட்டினேன், கண்ணைத் திறக்கவில்லை. காதோரம் கிள்ளியதும் பாதி திறந்து மூடிக்கொண்டார். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலை அளவு. செல்போனில் நேரம் வைத்து நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு 7. சாதாரணமாக 12-க்கும் 20-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று மார்ஃபின் ஆரம்பித்த அன்றே சிஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தார், எட்டுக்குக் கீழே போனால் யோசிக்காமல் 108 என்றும்.

ஆஸ்பத்திரியில் நாலோக்சோன் போட்டார்கள். ஓபியாய்டின் வேலையை முறிக்கிற ஊசி. ஒரே தடவையில் முழுதும் போட்டால் மூச்சோடு சேர்ந்து வலியும் மொத்தமாகத் திரும்பிவிடும் என்று, தண்ணீராக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். மூச்சு 9, 10, 12 என்று ஏறியது. சரி, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால் விடவில்லை. ஊசியின் வேலை ஒரு மணி நேரம் போலத்தான், வயிற்றில் இருக்கும் மார்ஃபின் அதைத் தாண்டியும் நிற்கும், மறுபடி மூச்சு இறங்கலாம் என்று மறுநாள் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் கண் விழித்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "டவுன் பஸ் ஜனத்த ஒரே ஸ்டாப்புல தள்ளிட்டாளா உங்கம்மா" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அமெரிக்காவில் போதைக்காக ஆட்கள் வேண்டுமென்று செய்ததை, எங்கள் வீட்டில் அம்மா இரண்டு கரண்டியால் பாசமாகச் செய்திருக்கிறார்.

தவறு அம்மாவுடையது மட்டும் இல்லை. விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லியிருந்தால் வழி இருந்தது. மெல்லக் கரையும் மாத்திரையை நுணுக்கவோ மெல்லவோ கூடாது, பாதியாக உடைக்கவும் கூடாது. சாதா மாத்திரையை அவர்களிடம் கேட்டுக்கொண்டு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். தூக்க மாத்திரை, சாராயம், சில சளி மருந்துகள் எல்லாம் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை அமுக்குகிற வேலையை இரட்டிப்பாக்கும். வீட்டில் பழைய தூக்க மாத்திரை எத்தனை பேரிடம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். மார்ஃபின் ஆரம்பித்தால் குமட்டல் ஒரு வாரத்தில் அடங்கும், மந்தத் தூக்கம் மூன்று நாலு நாளில் தெளியும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மாத்திரை ஓடும்வரை அதுவும் கூடவே ஓடும். வலி மாத்திரை சீட்டிலேயே வெளிக்கிப் போக மருந்தும் எழுதியிருந்தார்கள். நாங்கள் அதைத் 'தேவைப்பட்டால்' என்று எடுத்துக்கொண்டோம். ஆறாவது நாள் அப்பா வலியைவிட வயிற்றுக்காகத்தான் முனகினார். அம்மா இசப்கோல் கலக்கிக் கொடுத்தார். அதைக் கேட்டு சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் சரியாகக் குடிக்க முடியாத, குடல் அசையாமல் கிடக்கிற ஆளுக்கு உமி போல ஊதுகிற பொருளைக் கொடுத்தால் அது உள்ளேயே கட்டிக்கொள்ளும். குடலை அசைக்கிற மாத்திரையும் மலத்தை இளக்குகிற சிரப்பும் முதல் நாளிலிருந்தே தினமும். நோட்டில் 'வெளிக்கி' கட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

தீபாவளிக்கு மாத்திரை தீர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் மகன் எண்ணிப் பார்க்க மறந்துவிட்டேன். பெரிய மாத்திரை முடிந்துபோனது, லீவு இரண்டு நாள். மறுநாள் அப்பாவுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வேர்வை, வயிற்றைப் பிசைந்தது. "பாத்தியா, அடிமையாக்கிப்புட்டீக" என்றார் அத்தை. டாக்டரிடம் போனில் கேட்டேன். உடம்பு பழகியிருக்கிறது, திடீரென்று நிறுத்தியதால் முறைக்கிறது, வலி குறைந்தால் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். மாத்திரைக்காகப் பொய் சொல்வது, அளவைத் தானே ஏற்றிக்கொள்வது, கெடுதல் தெரிந்தும் தேடி ஓடுவது, அதுதான் அடிமைத்தனமாம். கையில் மிச்சமிருந்த சாதா மாத்திரையைப் பழையபடி நாலு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி அந்த இரண்டு நாளை ஓட்டினார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எண்ணுவேன். ஒரு வாரத்துக்கு மட்டும் மிச்சம் என்றால் மதுரைக்கு பஸ் ஏறிவிடுவேன்.

ஏழாவது மாதம் கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் விசிறியைப் பிடிக்கப்போவது போலக் கை தூக்குவார். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிட்னி சோர்ந்தால் ஏறுகிற கிரியேட்டினின் ஏறியிருந்தது. மார்ஃபின் உடம்பில் மாறி உண்டாகும் கழிவுகள் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும், கிட்னி சோர்ந்தால் அவை தேங்கும். விழுங்குவதும் முடியவில்லை. ஆகவே ஃபென்டனில் பேட்ச். ஃபென்டனிலும் ஓபியாய்டுதான், தோல் வழியாக இறங்குவது.

கண்ணாடி போல ஒரு சின்ன ஒட்டு. மணிக்கு 25 மைக்ரோகிராம், மூன்று நாளைக்கு ஒன்று. மைக்ரோ என்றதும் இது லேசான மருந்து என்று நினைத்தேன். நினைப்பு தப்பு. அந்த 25 மைக்ரோகிராம் ஏறக்குறைய அவருடைய பழைய 60 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். ஓபியாய்டு பழகாத உடம்பில் ஒட்டினால் ஆளையே முடித்துவிடும். ஒட்டினவுடன் வலி குறையாது, தோலுக்குள் இறங்கி ரத்தத்தில் சேர 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிக்கு என்ன கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டேன். உரித்து எடுத்த பிறகும் அப்படித்தான், உடனே நிற்காது.

சிஸ்டர் வீட்டுக்கு வந்து ஒட்டக் காட்டினார். நெஞ்சிலோ மேல் கையிலோ காயமில்லாத இடம். சோப்பு, எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது, வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காய வேண்டும். முடி இருந்தால் கத்தரிக்கலாம், சவரம் கூடாது. உள்ளங்கையை வைத்து அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டக் கூடாது. பேட்ச் ஓரத்தில் தேதியும் நேரமும் பேனாவால் எழுதினார் அப்பா, டிக்கெட்டில் எழுதுவது போல. அது அவர் தெளிவாக எழுதிய கடைசி எழுத்துகளில் ஒன்று.

அடுத்த முறை சிஸ்டர் வந்தபோது அம்மா தோள்பட்டைக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தார். பேட்சுக்கு நாலு விரல் தள்ளி. சிஸ்டர் பையைப் பிடுங்காத குறை. சூடு பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். வெந்நீர்ப் பை, ஒத்தடம், வெயிலில் உட்காருவது எல்லாம் அதே கதைதான். காய்ச்சல் அடித்தாலும் போன் செய்யச் சொன்னார்.

இதைவிட எனக்குக் குலைநடுங்கியது வேறொன்றில். என் மகளுக்கு அப்போது நாலு வயசு. பிரிட்ஜ், கதவு, என் முதுகு, எதையும் விடாமல் ஸ்டிக்கர் ஒட்டுகிற வயசு. உரித்த பேட்சை அம்மா கட்டில் ஓரத்தில் வைத்திருந்தார். மூன்று நாள் ஒட்டி எடுத்ததில் மருந்தே இருக்காது என்று நினைப்போம், நிறையவே மிச்சமிருக்கும். அமெரிக்காவில் பழைய பேட்சை எடுத்து ஒட்டிக்கொண்ட, வாயில் போட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பாப்பா அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு "தாத்தா ஸ்டிக்கர்" என்று என்னிடம் காட்ட வந்தாள். பிடுங்கிக் கையைக் கழுவிவிட்டு, அன்று சாயங்காலம் வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எடுத்ததும் ஒட்டுகிற பக்கம் உள்ளே வரும்படி மடித்து, பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள். அப்பாவின் கண்டக்டர் பெட்டிதான் அது. சாவி என் அரைஞாணில்.

அப்பா மாசி மாதம் போனார். கடைசி வாரம் வலி என்று அவர் சொல்லவில்லை.

காரியம் முடிந்த பத்தாவது நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் மதுரைக்குப் போனோம். வைத்துக்கொள்ளலாமே, யாருக்காவது உதவும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முடியாது என்றேன். சிஸ்டர் பெட்டியைத் திறந்து மேஜையில் கொட்டி எண்ணினார். சாதா மாத்திரை 14. பிரிக்காத பேட்ச் 2. மடித்த பேட்ச் 9. நோட்டின் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு ரிஜிஸ்டரில் எழுதினார்.

"கணக்கு சரியா இருக்கும்மா" என்றார்.

"எப்படி இல்லாமப் போகும்" என்றார் அம்மா. கையெழுத்துப் போட்டார்.